வயதைக் கூட்டி எழுதினேன்

பொய்கயில் அப்பச்சனைப் பற்றி மேடைகளில் பேசி நிறையக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அதற்கு லாயக்கில்லாதவன் நான் என்பதை எழுதிவிட்டுத்தான் இனி மைக்கைப் பிடிக்க வேண்டும்.

செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் அவர் நாடு. திருவல்லாவுக்குப் பக்கம் இரவிபேரூரில் 1879இல் பிறந்தார். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து விளம்பரம் போட்டது 1855இல். ஆனாலும் கொமரன் என்ற அந்தப் பறையர் வீட்டுப் பிள்ளை பிறந்தது, சங்கரமங்கலம் என்ற பெரிய குடும்பத்துக்கு அடிமைப்பட்டுக் கிடந்த குடிசையில்தான். மாடு மேய்த்துக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தார். கிறிஸ்தவ சபையில் சேர்ந்து யோகன்னான் ஆனார். அங்கேயும் சாதி விடவில்லை என்று கண்டதும் வெளியேறி, 1909இல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கினார். 1921இலும் 1931இலும் திருவிதாங்கூரின் மக்கள் பிரதிநிதி சபையான ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக உட்கார்ந்து, தம் மக்களுக்கு நிலமும் படிப்பும் கேட்டார். 1939இல் காலமானார்.

கூட்டம் இதற்கெல்லாம் அசையாது. அவர் தம் கூட்டங்களில் பாடியும் பேசியும் சொன்ன ஒரு கதைக்குத்தான் அசையும். அடிமைச் சந்தையில் அப்பனை ஒருத்தன் ஒரு பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறான், ஆத்தாளை இன்னொருத்தன் வேறு பக்கம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் அநாதையாக நிற்கின்றன. கேட்டவர்கள் கதறி அழுவார்களாம். அவர்களுக்கு அது சொந்தப் பாட்டன் பாட்டி பட்ட பாடு. நான் இதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்குவேன். எந்த இடத்தில் நிறுத்தினால் முன்வரிசையில் முந்தானை கண்ணுக்குப் போகும் என்பது எனக்கு அத்துப்படி.

இப்படிப் பேசுகிறவன் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

எண்பதுகளின் கடைசி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். ஐப்பசி மழை ஏமாற்றினால் கம்பும் போச்சு, பருத்தியும் போச்சு. பிறகு ஊருக்குக் கஞ்சி ஊற்றுவது தீப்பெட்டி ஆபீஸ்தான். விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் வந்து ஆரன் அடிக்கும். தூக்குவாளியோடு பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் ஏறும். தீபாவளிக்கு முன்னாடி ஏஜெண்டு அப்பன் கையில் அட்வான்ஸைக் கொடுத்துவிடுவார். பிள்ளை தீக்குச்சிக் கட்டை அடுக்கிக் கழிக்க வேண்டும். சனிக்கிழமைக் கணக்கில் பாதி, பழைய பாக்கிக்கே போய்விடும். இந்த வாழ்க்கையைத்தான் எழுத்தாளர் பூமணி பிறகு ‘கருவேலம் பூக்கள்’ என்று படமாக எடுத்தார். பார்த்துவிட்டு வந்து ஊரெல்லாம் புகழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்ததும், இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட ஏஜெண்டுகள் வயதுக்குச் சீட்டு கேட்க ஆரம்பித்தார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம். ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டிவிட்டு வந்து வகுப்பில் தூங்கி விழுவாள். பதிவேட்டில் அவளுக்கு வயது பத்து. ஒருநாள் அப்பன்காரர் வந்து நின்றார்.

“சார்வாள், ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. பிள்ளை வளத்தியாத்தான இருக்கா.”

பதினாலு நிறைந்தது என்று எழுதி, ஊதா மையில் பள்ளிக்கூட முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. யாரும் மிரட்டவுமில்லை. முகத்துக்கு நேரே மறுக்க முடியாத தாட்சண்யம். இன்னொன்றும் உண்டு: அவள் தூங்கி விழுவதைத் தினம் பார்க்கிற தொல்லை எனக்கு விட்டது. அவளுக்குப் பிறகும் சீட்டு கேட்டு வந்தார்கள். அவர்களுக்கும் எழுதிக் கொடுத்தேன்.

அட்வான்ஸுக்காகக் குடும்பத்தில் ஒருவர் குறைந்த கூலிக்கு உழைத்துத் தீர்க்க வேண்டும் என்றால் அது கொத்தடிமைத்தனம், அந்தக் கடனே செல்லாது என்கிறது 1976ஆம் வருடத்துச் சட்டம். எனக்குத் தெரியாத சட்டமில்லை. பொது அறிவுப் போட்டிக்காகப் பிள்ளைகளை நானே மனப்பாடம் செய்ய வைத்த வருடம் அது.

அமெரிக்காவில் அடிமையாயிருந்து தப்பி, பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் ஆனவர் பிரடெரிக் டக்ளஸ். 1845இல் வந்த தம் சுயசரிதையின் தொடக்கத்திலேயே, தம் வயது தமக்குச் சரியாகத் தெரியாது என்கிறார். எசமான்கள் அடிமைக்கு அதைத் தெரியவிடுவதில்லை. என் மாணவிக்கு வயது தெரிந்திருந்தது. நான்தான் மாற்றினேன்.

வறட்சிக்காலம், நீங்கள் என்ன செய்ய முடியும் என்று நண்பர்கள் எனக்காகச் சமாதானம் சொல்லுகிறார்கள். வறட்சி அந்த அப்பனுக்கு. எனக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது தீப்பெட்டி ஆபீஸ்களில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. மெஷின் வந்தது ஒரு காரணம். வேலைக்கு வைத்த பிள்ளை ஒன்றுக்கு முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது இன்னொன்று. ஆனால் மூன்று வருடம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, கொங்குப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களுக்குப் பெண்பிள்ளைகளைத் திரட்டும் புரோக்கர்கள் அதற்கப்புறமும் இந்தத் தென்மாவட்டங்களுக்கு வந்தார்கள். வேலையில் இருக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வயதைக் கூட்டி ஒரு சீட்டு என்று யார் வந்து நின்றாலும், எத்தனை தெரிந்த முகமானாலும், எழுதிக் கொடுக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். அதற்குக் காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.