வெள்ளம் கண்ட கல்லூரிகள்

நியூ ஆர்லியன்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

இந்நகரின் ஜென்டில்லி பகுதியில், ஓக் மரங்கள் நிழல்விரிக்கும் டில்லார்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலில் லண்டன் அவென்யூ கால்வாயின் தடுப்புச் சுவர் உடைந்து, வளாகம் நீரில் மூழ்கியது. சேவியர் பல்கலைக்கழகமும், சதர்ன் பல்கலைக்கழகத்தின் நியூ ஆர்லியன்ஸ் வளாகமும் தப்பவில்லை. மூன்றும் கருப்பின மக்களின் கல்விக்காகத் தோன்றியவை. 1964க்கு முன் நிறுவப்பட்ட இத்தகைய கல்லூரிகள் அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு உள்ளன. பேரிடர் மேலாண்மைக் கல்வியில் இவற்றுக்கு முன்வரிசை இடம் வேண்டும் என்பதை இந்த ஊர் எனக்கு உறுதியாக உணர்த்துகிறது.

பேரிடரை ஆராயும் பழக்கம் இக்கல்லூரிகளுக்குப் புதிதல்ல. 1927இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்தபோது, நிவாரண முகாம்களில் கருப்பினத்தவரை வெளியேற விடாமல் கட்டாய வேலை வாங்கினார்கள். அதை விசாரித்த கருப்பின ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், அலபாமாவின் டஸ்கீகி கல்லூரித் தலைவர் ராபர்ட் மோட்டன். 1979இல் ஹூஸ்டனின் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புல்லார்ட் தம் மாணவர்களோடு தெருத்தெருவாக விவரம் திரட்டி, நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பைக் கிடங்குகளும் கருப்பினக் குடியிருப்புகளில் இருந்ததைக் காட்டினார். சுற்றுச்சூழல் நீதிக்காக பெவர்லி ரைட் 1992இல் ஒரு மையத்தைத் தொடங்கியதும் இந்நகரின் சேவியரில்தான். ஆபத்து எங்கே, யார் தலையில் விழுகிறது என்று கேட்பதே பேரிடர் மேலாண்மையின் முதல் பாடம். அந்தக் கேள்வியை இவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள்.

வெள்ளத்துக்கு நிறம் தெரியுமா, அறிவியல் எல்லோருக்கும் பொதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நீரோட்டக் கணக்கு பொதுதான். ஆனால் 2005இல் வெளியேறும் உத்தரவு வந்தபோது, கார் இல்லாத ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இங்கேயே சிக்கின. அவர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தவர். வண்டி இல்லாதவர்களை முதலில் கணக்கில் எடுக்கும் திட்டத்தை, அந்தத் தெருக்களை அறிந்தவர்கள் வகுப்பதே நல்லது. எச்சரிக்கையும் அப்படித்தான்: அரசின் சொல்லை நம்பப் பழகாத மக்களிடம், அவர்கள் பிள்ளைகள் படித்த கல்லூரியின் சொல் எளிதில் சேரும்.

நிதி குறைந்த கல்லூரிகளால் இது முடியுமா என்பது அடுத்த ஐயம். நிதி குறைந்ததற்கு அவை காரணமல்ல. அரசின் நிலக்கொடைத் திட்டத்தில் வரும் கருப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு முப்பது ஆண்டுகளில் 1200 கோடி டாலருக்கு மேல் குறைத்துத் தரப்பட்டதாக, 2023இல் ஒன்றிய அரசே 16 மாநில ஆளுநர்களுக்கு எழுதியது. வாய்ப்புக் கிடைத்த இடங்களில் கருப்பினக் கல்லூரிகள் செய்து காட்டியுள்ளன. கடலோர ஆபத்துகளை ஆராய 2008இல் உருவான மையத்தை, வட கரோலினா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வழிநடத்தியது ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகம். ஜார்ஜியாவின் சவானா ஸ்டேட் பல்கலைக்கழகம் பேரிடர் மேலாண்மையில் பட்டமே வழங்குகிறது. ஆகவே பெரிய பல்கலைக்கழகங்களின் திட்டங்களில் பெயருக்கு ஓர் உறுப்பினராக இவற்றைச் சேர்ப்பது போதாது. பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பையும் ஆய்வுப் பணத்தையும் நேரடியாக ஒப்படைக்க வேண்டும். அடுத்த புயலில் யாரை முதலில் காப்பது என்று முடிவெடுக்கும் மேசையில், இங்கே படித்தவர்கள் அமர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்