அலட்சியம் என்று தலைப்பிட்டவன்

இரண்டு விமானங்கள் நடுவானில் ஆபத்தான அளவுக்கு நெருங்கி விலகின. விசாரணை தொடங்கும் முன்பே நான் ஒருவரைக் குற்றவாளி ஆக்கினேன். அவர் ஒரு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். நான் ஒரு நாளிதழின் செய்தி டெஸ்க்கில் இருந்தேன்.

ஏஜென்சியிலிருந்து வந்தது சின்னச் செய்தி. இரு பயணிகள் விமானங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்தது, மோதல் தவிர்ப்புக் கருவி எச்சரித்தது, யாருக்கும் காயமில்லை, விசாரணைக்கு உத்தரவு. ‘கட்டுப்பாட்டாளரின் அலட்சியம்’ என்ற தலைப்பை அதற்கு வைத்தது நான்தான். மறுநாள் ஒரு கட்டுரையும் எழுதினேன். அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும், கிரிமினல் வழக்குப் போட வேண்டும் என்று கேட்டேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது.

விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது. சர்க்கி தாத்ரி விபத்தைப் பற்றி முன்பே நிறையப் படித்திருந்தேன். 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். ஏறிவந்த விமானத்துக்கு 14,000 அடி, இறங்கிவந்த விமானத்துக்கு 15,000 அடி என்று கட்டுப்பாட்டாளர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். கஜகஸ்தான் விமானம் அந்த உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. வருவதற்கும் போவதற்கும் அன்று ஒரே வான்வழி. விமானம் எந்த உயரத்தில் பறக்கிறது என்பதைக் காட்டும் ரேடாரும் அவர் முன்னால் இல்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும் என் கட்டுரையில் அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் ஒற்றை ஆளைக் கைகாட்டியிருக்க முடியாது.

ஜப்பானை எடுத்துக்கொண்டேன், அதிலும் பாதியை மட்டும். 2001 ஜனவரி 31 அன்று சுருகா வளைகுடாவுக்கு மேலே ஜப்பான் ஏர்லைன்ஸின் இரண்டு விமானங்கள் எதிரெதிரே நெருங்கின. இரண்டிலும் சேர்த்து 677 பேர். பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் 958ஆம் விமானத்தை இறங்கச் சொல்ல நினைத்து, 907ஐ இறங்கச் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த மேற்பார்வையாளரும் அதைக் கவனிக்கவில்லை. கடைசி நொடியில் 907இன் விமானி கண்ணால் பார்த்து, மூக்கை வேகமாகக் கீழே தள்ளினார். அந்த உலுக்கலில் சுமார் நூறு பேர் காயமடைந்தார்கள். கீழ் நீதிமன்றம் விடுவித்த அந்த இருவரையும் மேல் நீதிமன்றம் 2008இல் குற்றவாளிகள் என்றது. இதை எழுதி, ஜப்பானைப் பாருங்கள் என்றேன்.

விட்டுவிட்ட பாதி இது. 907இன் மோதல் தவிர்ப்புக் கருவி ‘ஏறு’ என்றது. தரையிலிருந்து வந்த குரல் ‘இறங்கு’ என்றது. விமானி குரலைக் கேட்டு இறங்கினார். அதே நேரம் 958உம் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. கருவியும் மனிதரும் முரண்பட்டால் கருவியைத்தான் கேட்க வேண்டும் என்று உலகெங்கும் ஐயத்துக்கு இடமில்லாத விதி அன்று இல்லை. அது தெளிவாகும் முன்பே, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே அதே முரண்பாடு வந்தது. அங்கே விமானங்கள் மோதின. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் விடுமுறைக்குப் புறப்பட்ட ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள். அந்த வான்பகுதியைக் கவனித்த சூரிச் கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருந்தவர் ஒருவரே. இன்னொருவர் ஓய்வில் இருந்தார். பராமரிப்புக்காக முக்கியத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்ததால், பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையில் ஆபத்தைப் பார்த்துவிட்டவர்களால் அவரை அழைக்கவே முடியவில்லை. மகளையும் மகனையும் மனைவியையும் பறிகொடுத்த ஒருவர், 2004இல் அந்தக் கட்டுப்பாட்டாளரை அவர் வீட்டு வாசலில் குத்திக் கொன்றார். அந்தக் கொலையைப் பற்றியும் நான் படித்திருந்தேன். படித்த பிறகும்தான், விசாரணை முடியும் முன்பே ஒருவரின் தலையைக் கேட்டேன்.

இந்தத் துறையில் இருக்கும் ஒருவரைப் பல மாதங்கள் கழித்துச் சந்தித்தேன். கட்டுரை வந்த பிறகு, நான் குற்றம் சாட்டியவரின் கட்டுப்பாட்டு அறையில் இளையவர்கள் சின்னத் தவறுகளைத் தாங்களாகவே எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதனால் விளையக்கூடியது என்னவென்று எனக்குத் தெரியும். 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே டிடபிள்யூஏ 514 விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன் இன்னொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கித் தப்பியிருந்தது. அந்தத் தகவல் அந்த நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. பெயர் வெளியே வராமல் தவறுகளைச் சொல்ல நாசா 1976இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியதன் காரணம் இதுதான். அச்சமில்லாமல் சொல்ல முடிந்தால்தான் யாரும் சொல்வார்கள். அந்த அறையில் அச்சத்தைக் கொண்டுபோய் வைத்ததில் எனக்குப் பங்குண்டு.

இதைவிடப் பெரிய தவறு அதற்குப் பிறகு நடந்தது. விசாரணை அறிக்கை என் மேசைக்கு வந்தது. முழுக்கப் படித்தேன். இடமில்லை என்று சொல்லி ஒதுக்கிவைத்தேன். இடம் இருந்தது. தலைப்பைத் திரும்பப் பெற மனம் வரவில்லை.

அன்று நான் அச்சிடாததை இங்கே எழுதுகிறேன். ஒரே அலைவரிசையில், கிட்டத்தட்ட ஒரே எண் கொண்ட இரண்டு விமானங்கள் இருந்தன. ஒன்றுக்குச் சொன்ன ‘மேலே ஏறு’ என்ற உத்தரவை மற்றதும் தனக்கென்று எடுத்துக்கொண்டது. இரண்டு விமானிகளும் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். அந்த ரேடியோவில் இருவர் சேர்ந்து பேசினால் பெரும்பாலும் இரைச்சல்தான் மிஞ்சும். சரியான விமானத்தின் பதில் மட்டும் கட்டுப்பாட்டாளரின் காதில் அரைகுறையாக விழுந்தது. மறுபடி கேட்டு உறுதி செய்திருக்கலாம் என்று அறிக்கை சொல்கிறது. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வான்பகுதியை அந்த நேரத்தில் அவர் தனியாகப் பார்த்தார் என்றும் சொல்கிறது. திரையில் தவறாக ஏறிய விமானத்தின் உயர எண் மாறியதை அவர்தான் முதலில் கண்டார். உடனே அந்த விமானத்தைத் திரும்பச் சொன்னார். கருவி எச்சரித்தபோது அது ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருந்தது. அலட்சியம் என்று அறிக்கையில் எங்கும் இல்லை.