தண்ணீர் இருந்தால் போதுமா?

மகளைப் பார்க்க அடிலெய்டு வந்திருக்கிறேன். போன வாரம் மாப்பிள்ளை எங்களை ரிவர்லேண்டு என்ற பகுதிக்குக் காரில் கூட்டிப் போனார். மூன்று மணி நேரப் பயணம்.

வழியெல்லாம் வறண்ட புதர்க்காடு. வருஷத்துக்கு 250 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. வெயில் நம் ஊர் வெயில்தான். அதற்கு நடுவே அகலமாக, அவசரமே இல்லாமல் போகிறது முர்ரே ஆறு. கரையோரம் பார்த்த இடமெல்லாம் திராட்சை, ஆரஞ்சு, பாதாம். கனடாவில் பிறந்த சாஃபி சகோதரர்கள் 1887-இல் ரென்மார்க் ஊரில் பாசனத்தைத் தொடங்கினார்கள். ஆற்று நீரைப் பம்பு வைத்து மேட்டு நிலத்துக்கு ஏற்றினார்கள். இன்று ஆஸ்திரேலியாவிலேயே ஒயின் திராட்சை அதிகமாக விளையும் வட்டாரம் இதுதான்.

ஓரிடத்தில் ஒயின் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். "அத்தை, ஒரு வாய் பாருங்களேன்" என்று மாப்பிள்ளை சிரித்தார். பயப்படாதீர்கள், டீச்சர் ஆரஞ்சு ஜூஸ்தான் குடித்தேன்!

திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தில் வரிசை வரிசையாகக் கறுப்புத் திராட்சை கொடியிலேயே வாடித் தொங்கியது. உலர்திராட்சைக்கு விட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். அங்கே நின்ற பஞ்சாபிப் பெரியவரிடம் மகள் விசாரித்தாள். "வாங்க ஆளில்லை அம்மா. அறுவடை மெஷினுக்குக் கொடுக்கும் பணம்கூடத் திரும்பி வராது" என்றார். 2020 கடைசியில் சீனா ஆஸ்திரேலிய ஒயினுக்கு அதிகபட்சம் 200 சதவீதத்துக்கும் மேல் வரி போட்டது. 2024 மார்ச்சில் நீக்கிவிட்டது. ஆனாலும் சிவப்பு ஒயின் தேங்கிப்போய்விட்டது, குடிப்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

இந்த நாட்டில் பாசன உரிமையை நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாமாம். "தண்ணீரை விற்றுவிட்டுக் கொடியைப் பிடுங்கப் போகிறேன். எல்லாம் என் கையால் நட்டது" என்றார். ஒரு கொத்தைப் பறித்து என் கையில் கொடுத்தார். தேனாக இனித்தது. தொண்டையில் இறங்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன்? "தண்ணீர் இருந்தால் விவசாயிக்குக் குறையில்லை." அன்று ஒரு பெண் எழுந்து, "எங்க கிணத்துல தண்ணி இருக்கு டீச்சர். அப்புறம் ஏன் அப்பா தக்காளியை ரோட்டுல கொட்டுனாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "உட்காரு, பாடத்தைக் கவனி" என்று அதட்டிவிட்டேன்.

அம்மா, நீ இப்போது எங்கே இருக்கிறாயோ, இதைப் படிக்கிறாயோ தெரியாது. விளைந்தால் மட்டும் போதாது, விலையும் கிடைக்க வேண்டும். அதைத்தான் நீ பத்து வயதில் கேட்டாய். உன்னை உட்கார வைத்தது என் தப்பு. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்