அரைக் கிலோ கறுப்பு விதை!

சின்ன வெங்காயத்துக்கு விதை உண்டா? அடுத்த தடவை கேன்டீன்ல சாம்பார் இட்லி சாப்பிடும்போது பக்கத்துல இருக்கிறவன்கிட்ட கேட்டுப் பாருங்க. பேந்தப் பேந்த முழிப்பான். ரெண்டாவது வருஷம் வரைக்கும் நானும் அதே கேஸ்தான். இத்தனைக்கும் சொந்த ஊர் சாமல்பட்டி, வீட்ல விவசாயம். வெளியில சொல்லிடாதீங்க பாஸ்!

எங்க காட்டுல அரை ஏக்கர் வெங்காயம்னா, முந்தின அறுவடைக் காயையேதான் நடுவோம். சுமார் 300 கிலோ வேணும். அந்த வருஷம் எடுத்து வெச்சதெல்லாம் அழுகிடுச்சு. வெளியில வாங்கினா கிலோ 80 ரூபாய். மொத்தம் 24,000! வீட்ல இருந்தது, என் காலேஜ் ஃபீஸுக்காக அம்மா கம்மலை அடகு வெச்ச பணம் மட்டும்தான். அப்பா எதுவும் கேட்கல. கேட்காம இருந்ததுதான் உறுத்துச்சு.

அப்பதான் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் 'கோ 5' பத்திச் சொன்னான். நம்ம பக்கத்துச் சின்ன வெங்காயம் பெரும்பாலும் பூத்து விதை கட்டாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001-ல வெளியிட்ட இந்த ரகம் நல்லாப் பூக்கும், விதையும் பிடிக்கும். அரை ஏக்கருக்கு அரைக் கிலோ விதை போதும். கறுப்பா, எள்ளு மாதிரி. ஒரு கிராம்ல 250-க்கு மேல இருக்கும். ஃபீஸ் பணத்துல கை வைக்காமலே விதை வாங்கியாச்சு. நான்தான் ஹீரோ!

ஆவணி கடைசியில மேட்டுப் பாத்தி போட்டு விதைச்சிட்டு நான் ஓசூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பிட்டேன். எட்டாம் நாள் அம்மா போன். “கண்ணு, முளைச்சிருக்கு. ஆனா தலையைக் காணோமே!”

வெங்காய முளை அப்படித்தான். ஹேர்பின் மாதிரி வளைஞ்சு வெளியே வரும், நுனி மண்ணுக்குள்ளயே இருக்கும். அப்புறம்தான் விதைத்தோலைத் தொப்பி மாதிரி தூக்கிக்கிட்டு நிமிரும். நிஜ இலை அதுக்கப்புறம்தான். “தினம் ரெண்டு வேளை தண்ணி விடும்மா”ன்னு போன்லயே உத்தரவு போட்டேன்.

மூணு நாள் விடாம மழை. எனக்கு இன்டர்னல் டெஸ்ட். சனிக்கிழமை வந்து பார்த்தா, பாத்தியில அங்கங்கே சொட்டை. நாற்றழுகல். அடித்தண்டு நைஞ்சு நாத்து படுத்துக் கிடந்தது. விதைக்கு முன்னாடி டிரைக்கோடெர்மா கலக்கணும், ஊத்தங்கரையில வாங்கிட்டு வர்றேன்னு சொல்லி மறந்தது நான். மழையோட மழையா தண்ணி விடச் சொன்னதும் நான். நான் வர்றதுக்குள்ள அம்மா தண்ணியை நிறுத்தி, வாய்க்கால் வெட்டி வடிய விட்டிருந்தாங்க. நான் ஓடிப்போய் காப்பர் ஆக்ஸிகுளோரைடு வாங்கி, லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊத்தினேன். மூணுல ஒரு பங்கு போனது போனதுதான். அம்மா திட்டல. அப்பாதான், “போன்ல வெங்காயம் வளராதுப்பா”ன்னார்.

42-வது நாள் பிடுங்கி நட்டோம். நாத்து பென்சில் லெட் கனம்தான். மிச்ச இடத்துல அம்மா கொத்தமல்லி தூவிட்டாங்க. பத்து நாள் வாடி, புது வேர் விட்டு நிமிர்ந்துச்சு. அப்புறம் இலை மேல இலையா வந்துச்சே தவிர, அடியில ஒண்ணும் காணோம். காய் நட்ட பக்கத்துக் காட்டுக்காரங்க எழுபது நாள்ல அறுத்தே முடிச்சுட்டாங்க. எங்களுது அப்பதான் அடி பருக்க ஆரம்பிச்சிருந்தது. அந்த நாட்கள்ல அப்பா முகத்தைப் பார்க்கவே பயம். லீவுல போனாலும் காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன்.

தை கடைசியில தாள் தானா மடிஞ்சு சாய்ஞ்சது. வெங்காயம் 'நான் ரெடி'ன்னு சொல்றது அப்படித்தான். பிடுங்கினா கொத்தா இல்ல. செடிக்கு ஒண்ணோ ரெண்டோ, ஆனா பெருசு பெருசா. வியாபாரி, “என்னங்க, ஒத்தை ஒத்தையா இருக்கு?”ன்னு விலையை இழுத்தார். “விதையில வந்தா அப்படித்தாங்க இருக்கும்”னு அப்பா அவர்கிட்ட விளக்கிக்கிட்டு இருந்தார். நான் எதுவும் பேசாம நின்னேன்.

கம்மலுக்கு வட்டி கட்டியாச்சு, அசல் பாக்கி. அந்தக் காய்ல கொஞ்சம் எடுத்து வெச்சு, போன ஐப்பசியில அம்மா தனியா நாலு வரிசை நட்டாங்க. இப்போ முழங்கால் உசரத்துக்குப் பூத்தண்டு, உச்சியில வெள்ளைப் பந்து மாதிரி பூ. மருந்து டேங்கோட அப்பா அந்தப் பக்கம் போனாலே அதட்டல்தான். “தேனீ வர்ற நேரம். அங்கிட்டுப் போங்க!”