மணைப்பலகை



ஒரு மாத விடுப்பில் சென்னைப் பாடிக்குப் போய், அம்மாவின் சமையலறையைப் புதுப்பித்துவிட்டு ஃபிராங்க்ஃபர்ட் திரும்பியிருக்கிறேன். எட்டடிக்கு ஏழடி அறை. கையில் இருந்தது ஒன்றரை லட்சம் ரூபாய்.

அப்பா 1988இல் கட்டிய வீடு அது. லூகாஸ் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு டைம் ஸ்டடி வேலை. ஸ்டாப் வாட்ச்சோடு நின்று, ஒரு பாகத்தை எடுத்துப் பொருத்தி வைக்க எத்தனை நொடி ஆகிறது, கை எவ்வளவு தூரம் நீள்கிறது, எங்கே குனிய வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வருவார். 1998இல் பாடியின் சுந்தரம் கிளேட்டனுக்குத் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். வேறு கம்பெனி என்றாலும் அப்பா அன்று தெருவுக்கே ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். வேலை முடிந்து வந்தால் அந்த ஸ்டாப் வாட்ச் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும். அதற்கு இரண்டடி தள்ளி, முப்பத்து நாலு அங்குல மேடைக்கு முன்னால், நாலடி பத்து அங்குல அம்மா ஒரு மணைப்பலகையின் மேல் ஏறி நின்று குழம்பு கிளறுவாள். அதை யாரும் அளக்கவில்லை. நானும் அளக்கவில்லை.

எனக்கு அது உறைத்தது ஃபிராங்க்ஃபர்ட்டில்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கே வீடில்லாத் திண்டாட்டம். நகராட்சி மலிவாக ஆயிரக்கணக்கில் குடியிருப்புகள் கட்டியபோது, 1926இல் மார்கரேட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்ற இளம் கட்டடக் கலைஞர் அவற்றுக்கான சமையலறையை வரைந்தார். ஏறத்தாழ ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. தொழிற்சாலைகளில் உழைப்பை அளந்த அதே முறையில் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே நடக்கும் தூரத்தைக் கணக்கிட்டார். உட்கார்ந்து நறுக்க உயரம் மாற்றும் முக்காலி, பருப்பையும் சர்க்கரையையும் நேரே கொட்ட மூக்கு வைத்த அலுமினிய டப்பாக்கள். அவற்றில் ஒன்றான ரோமெர்ஷ்டாட் குடியிருப்பில், அந்தத் திட்டத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் மேயின் பெயர் கொண்ட வீட்டில் அப்படி ஒன்றைப் பழையபடி சீரமைத்து வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றபோது எனக்கு அப்பாவின் ஸ்டாப் வாட்ச் ஞாபகம் வந்தது. அதற்கடுத்து மணை.

ஊருக்குப் போன முதல் மூன்று நாளும் சுவரில் கை வைக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவின் நடையை எண்ணினேன். “என்னத்துக்குடி எண்ற?” என்றாள். காலைச் சமையல் ஒன்றுக்கு 212 நடை. பாதிக்கு மேல் தொட்டிக்கும் அடுப்புக்கும் இடையில். தொட்டி ஜன்னலடியில், அடுப்பு எதிர்ச்சுவரில்.

மாடுலர் கிச்சன் போட விலை கேட்டதில் நாலு லட்சத்துக்குக் குறையவில்லை. பணம் மட்டும் காரணமில்லை. 2015 மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகும் கீழ்ச்சுவரில் உப்புப் பூத்துக்கொண்டிருந்தது. அங்கே பிளைவுட் பெட்டிகளை வைத்தால் ஊறி உப்பிவிடும். மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் பணம் இறங்கியது. மூன்றடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினோம். அடைத்துக்கொண்டே இருந்த கழிவுக் குழாயை மாற்றினோம். ஒரு பல்பையும் ஒரு மின்விசிறியையும் நினைத்து இழுத்த வயரில் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன, பிளக் கருகியிருந்தது. தனித்தனி லைன், எர்த், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர். சொற்பப் பணத்தில் வீடு புதுப்பிப்பவர்கள் இதில் மட்டும் கை சுருக்காதீர்கள்.

தொட்டியை நகர்த்தினால் குழாய்ச் செலவு. அடுப்பைத் தொட்டிப் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். கொஞ்சம் கேஸ் டியூப்தான் செலவு. மேடையை முப்பது அங்குலத்துக்கு இறக்கச் சொன்னதும் மேஸ்திரி ஒப்பவில்லை. “எல்லா வீட்லயும் முப்பத்தி நாலுதாம்மா.” அம்மாவை நிற்க வைத்து, முழங்கைக்குக் கீழே சுவரில் கரிக்கோடு போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உளியை எடுத்தார்.

மேடையில் பதித்திருந்த கடப்பாக் கல்லை விட அம்மாவுக்கு மனமில்லை. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்து வெளுத்துப் போகும். கிரானைட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. ஆனாலும் அந்த வெளுப்பெல்லாம் அவள் கைபட்ட இடங்கள். இரண்டு ஆட்கள் சேர்ந்து விரிசல் விடாமல் பலகையைப் பெயர்த்தெடுத்து, மெருகேற்றி, புது உயரத்தில் பதித்தார்கள். அடியில் கதவு கிடையாது. பரணிலிருந்து இறக்கிய கடப்பாத் துண்டுகளே தட்டுகளாயின. காற்று ஓடும், பெருக்கலாம், தண்ணீர் வந்தாலும் கெடாது.

ஒரு விஷயத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டை நான் பின்பற்றவில்லை. அந்தச் சமையலறையில் ஒருத்தி மட்டும்தான் நிற்க முடியும். பெண்ணைத் தனியே அடைத்துவிட்டது என்ற குறை அதன் மேல் உண்டு. குறை சரிதான். பாடியில் பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வருவார். கதவோரம் அலமாரி வைக்கலாம் என்று நான் குறித்திருந்த இரண்டடியை அம்மா அழித்துவிட்டாள். “அவ எங்க உக்காருவா?”

புகை போக்கும் விசிறி இன்னும் போடவில்லை. காசு தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் அனுப்ப வேண்டும். நேற்று வீடியோவில் கூப்பிட்டேன். அந்த இரண்டடியில் மணைப்பலகை கிடந்தது. அக்கா அதன்மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அம்மா வெறுந்தரையில் நின்று தாளித்துக்கொண்டே, “அப்புறம் கூப்புடுடி, கடுகு வெடிக்குது” என்று போனை வைத்துவிட்டாள்.