குஷன் வேலை, தையல் வேலை

யாழ்ப்பாணத்தில் பழைய கார்களைப் பற்றி யார் கதைக்கத் தொடங்கினாலும் மண்ணெண்ணெய்க் கதை வந்துவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரை ஓட்டின மெக்கானிக்மாரின் கெட்டித்தனம் அது. சொல்லத்தான் வேணும். ஆனால் அதே வருசங்களில், கரண்ட் இல்லாத வீடுகளில், மிதிமெசினில் ஊருக்கே உடுப்புத் தைத்த பெண்களைப் பற்றி யாரும் அப்படிக் கதை சொல்வதில்லை. எங்கள் அம்மாவும் அவர்களில் ஒருவர். பெரியப்பாவின் மைனருக்கு வீட்டிலேயே சீற் தைத்தபோதுதான் இது எங்களுக்கு உறைத்தது.

மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். அதன் சீற்றில் வரிவரியாகப் புடைத்த மேடுகள் இருக்கும். பெரியப்பாவுக்குக் கலியாண ஓட்டம்தான் வருமானம். சீற் கிழிந்த காரில் மாப்பிள்ளையை ஏற்ற யார் கேட்பார்கள்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும், இதை விற்று வேறொன்று வாங்கும் யோசனையையும் அவர் விட்டுவிட்டார்.

"பிள்ளை, இது உம்மால ஏலுமே?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடச் சட்டைக்குப் பிளீற் வைக்கிற கைக்கு இது பெரிய வேலையே, அத்தான்?" என்றார் அம்மா.

உண்மையில் கணக்கு ஒன்றுதான். அடியில் கெட்டியான பருத்தித் துணி, மேலே தோல். துணியில் 2 அங்குலத்துக்கு ஒரு கோடு, தோலில் 2¼ அங்குலத்துக்கு ஒரு கோடு. தோலைக் கோட்டில் மடித்து, மடிப்போரமாகத் துணிக் கோட்டில் தைத்தால், அந்தக் கால் அங்குலம்தான் மேடாக எழும்பும். 10 மேட்டுக்கு 20 அங்குலத் துணி போதும். தோல் 22½ அங்குலம் வேணும். ஓரத் தையலுக்கு விடுவது வேறு. அம்மா இதைக் கடதாசி இல்லாமலே சொன்னார்.

"தோல் சீலை மாதிரி இல்லை, பிள்ளையள். குத்தின ஓட்டை குத்தினதுதான்" என்று எங்களுக்குச் சொல்லிவைத்தார். ஆகவே குண்டூசி இல்லை, கிளிப்தான். ஊசி 18ஆம் நம்பர் தோல் ஊசி. நூல் தடித்த நைலோன். அங்குலத்துக்கு 6, 7 தையல்தான். நெருக்கினால் முத்திரை ஓரம் மாதிரிக் கிழிந்துவிடும். எல்லா வரியையும் ஒரே பக்கத்திலிருந்து தைக்க வேணும், இல்லாவிட்டால் தோல் முறுகும். மெசின் கால் தோலில் ஒட்டாமலிருக்க முகப் பவுடர் தடவினோம். மிதிக்காமல் சில்லைக் கையால் சுழற்றி, ஒரு தையலாக முன்னேறினோம். ஒருவர் சுழற்ற, மற்றவர் தோலைத் தாங்க, அம்மாவின் விரல்கள் கோட்டைப் பிடித்திருந்தன.

உள்ளே என்ன அடைப்பது? இலவம்பஞ்சு தலையணைக்கு நல்லது. ஆட்கள் ஏறி இறங்கும் சீற்றில் கட்டிபட்டுவிடும். ஸ்பொஞ்சைக் கீலமாக வெட்டினோம். இரண்டு இரும்பு அடிமட்டங்களுக்கு நடுவே அதை நசுக்கி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தள்ளி, அடிமட்டங்களை மட்டும் உருவி எடுத்தோம். தட்டையாகக் கிடந்த தோல் ஒவ்வொரு வரியாக மூச்செடுத்தது. சுற்றிவரும் பைப்பிங் மட்டும் எங்கள் மெசினுக்குத் தடிப்பு. அதைக் குத்தூசியால் கையாலேயே தைத்தோம்.

சீற்றைப் பூட்டின கிழமை, பக்கத்து வீட்டு ஓட்டோ அண்ணா வந்து தடவிப் பார்த்தார். "எந்தக் குஷன் கடையில செய்தது?" அம்மாவைக் காட்டினோம். "அப்ப என்ர ஓட்டோவுக்கும் செய்து தாங்கோ அக்கா. கடையில என்ன விலையோ, அதைத் தாறன்."

நல்ல மனுசன்தான். ஆனால் தைமாதத்தில் அரசாங்கம் தரும் சீருடைத் துணியோடு மகளைக் கூட்டிவந்து, "இதென்ன அக்கா, வெறும் சட்டைதானே" என்று தையல்கூலியில் குறைக்கச் சொல்பவரும் அவர்தான். மெசின் அதே மெசின். பிளீற் அதே பிளீற். உடம்பில் போட்டால் அது "தையல்", பொம்பிளையள் வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வது. வாகனத்தில் போட்டால் "குஷன் வேலை", அதற்குக் கடைவிலை உண்டு.

இதை அன்றிரவு அம்மாவிடம் சொன்னோம். "இது எனக்கு இப்பதான் தெரியுமெண்டு நினைக்கிறியளோ?" என்று சிரித்தார். பிறகு கொப்பியை எடுத்து ஓட்டோ சீற்றுக்கு ஒரு விலை எழுதினார். அதற்குக் கீழே, வருகிற தைக்கு, வெள்ளைச் சட்டையின் கூலியையும் கூட்டி எழுதினார்.

அந்த விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பார்களா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.