காலி சாஷேக்கு விலை இருந்த காலம்

சாஷே என்பது பிரெஞ்சுச் சொல். 'சாக்' என்றால் பை. அதன் குட்டி 'சாஷே'. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாட்களில், மளிகைக் கடையில் பழைய பேப்பரில் மடித்துத் தரும் பொட்டலம்தான் எங்களுக்கு சாஷே. இன்று குறிஞ்சிப்பாடி கடைத்தெருவில் சாஷே என்றால் ஷாம்பு. பிரெஞ்சு தெரியாதவர்களும் தினம் ஒரு பிரெஞ்சு வார்த்தை சொல்கிறார்கள், எனக்குச் சந்தோஷம்தான்!

வார்த்தை பிரான்சிலிருந்து வந்தாலும் வியாபாரம் நம் கடலூரில் வளர்ந்தது. பணக்காரர் வாங்குகிற பொருளைக் கூலிக்காரரும் வாங்க வேண்டும், அதற்குச் சிறிய பாக்கெட்டில் அடைத்து விற்க வேண்டும் என்ற யோசனை கடலூர் சின்னிகிருஷ்ணனுடையது. அவர் குடும்பத்திலிருந்து வந்ததுதான் வெல்வெட் ஷாம்பு. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொடங்கியது சிக் ஷாம்பு. முழு பாட்டில் வாங்க வழியில்லாத வீடுகளிலும் ஷாம்பு போட்டுக் குளித்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பலர் மறந்துபோன ஒரு சங்கதி உண்டு. சிக் ஷாம்பு காலூன்றிய காலத்தில், ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார்கள். எந்தக் கம்பெனியின் காலி சாஷே ஆனாலும் சரி! பிறகு சிக் சாஷே மட்டும்தான் என்று மாற்றிவிட்டார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போயிற்று என்று ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். குப்பையைக் குறைக்கச் செய்ததல்ல, வியாபார தந்திரம்தான். ஆனாலும் அந்த நாளில் காலி சாஷேக்கு ஒரு விலை இருந்தது. விலை உள்ள பொருளை யாரும் வாய்க்காலில் போடமாட்டார்கள்.

இப்போது அதற்கு விலை இல்லை. பழைய இரும்பு, பால் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுக்கிற காயலான் கடையில்கூட சாஷேயை வாங்கமாட்டார்கள். பிளாஸ்டிக்கும் பல சாஷேக்களில் அலுமினியத் தாளும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கின்றன. பிரித்தெடுக்க ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். ஐப்பசி மழையில் எங்கள் தெரு வடிகால் அடைத்துக்கொண்டால், கம்பியால் இழுக்கும்போது முதலில் வருவது இதுதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. கைப்பிடிப் பை ஓரளவு குறைந்தது. ஷாம்பு சரம் அப்படியே தொங்குகிறது. கம்பெனிகள் தாங்களே ஒன்றுசேர்ந்து பிளாஸ்டிக் உறையைக் குறைக்கும் ஒப்பந்தம் 2018இல் பிரிட்டனிலும் 2019இல் பிரான்சிலும் வந்தது. இந்தியத் தொழில் கூட்டமைப்பும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து 2021 செப்டம்பரில் இங்கேயும் தொடங்கின. 2030க்குள் உறைகள் எல்லாம் மறுபடி பயன்படும்படியோ மறுசுழற்சிக்கு ஏற்றபடியோ இருக்க வேண்டும், பாதியாவது உண்மையில் மறுசுழற்சி ஆக வேண்டும் என்று இலக்கு. நல்ல இலக்குதான். நான் குமாஸ்தா, இலக்கைப் படித்ததும் என் கண் பதிவேட்டைத் தேடும். வந்த தபாலுக்கு ஒரு பதிவேடு, போன தபாலுக்கு ஒரு பதிவேடு. கடைக்கு வரும் சரக்குக்கு பில் இருக்கிறது. காலி உறை திரும்பிப் போக ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே?

இதை எங்கள் கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். சரத்திலிருந்து இரண்டு சாஷே கிழித்து ஒரு பெண்ணிடம் கொடுத்தபடியே பேசினார்.

"பத்து கம்பெனி சரக்கு வருது சார். ஒவ்வொருத்தன் கவரையும் தனித்தனியா பிரிச்சு வைன்னா, நான் யாவாரம் பாக்கறதா, இதைப் பாக்கறதா? எல்லாருக்கும் சேர்த்து ஒரே சாக்குன்னு சொல்லட்டும். சரக்கு எறக்கற வண்டியே எடுத்துட்டுப் போகட்டும். நான் வாங்கி வெக்கிறேன்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நீலகிரியில் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்ததும் திருப்பிக் கொடுக்கிறார்கள். உயர் நீதிமன்றம் சொல்லி நடந்தது. அங்கே கடை எல்லாவற்றுக்கும் முதலாளி ஒருவரே, அதனால் முடிந்தது. ஷாம்புக்கு முதலாளிகள் பலர். ஆனால் சட்டம் இப்போதே எடைக் கணக்குத்தான் பார்க்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு விதிப்படி, கம்பெனி தன் சொந்த உறையையே தேடிப் பொறுக்க வேண்டியதில்லை. அந்த வகையில் அத்தனை எடைக்குச் சான்றிதழ் காட்டினால் போதும். எல்லாருக்கும் ஒரே சாக்கு என்பதற்கு அந்த விதி குறுக்கே நிற்காது. சான்றிதழுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கடை வரைக்கும் வர வேண்டும், அவ்வளவுதான்.

"பத்து காலிக்கு ஒண்ணு ஃப்ரீன்னா, அந்த ஒண்ணை எந்தக் கம்பெனிக்காரன் குடுப்பான்?" என்று அண்ணாச்சி கேட்டார். நான் யோசிப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார்.

"சீட்டு மாதிரி வெச்சுக்கலாம் சார். மாசத்துக்கு ஒருத்தன்."